அரை மில்லிமீட்டர்

மஞ்சள் நிற ஒட்டுத்தாள் என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. வங்கி முகப்பில் பார்த்தாலும் சரி, மகளின் பாடப்புத்தகத்தில் பார்த்தாலும் சரி, ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்ற எண்ணம்தான் முதலில் வரும். இதற்கெல்லாம் காரணம் ஒரு பெண்மணி. இருபது வருடம் என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். தன்னைப் பற்றி யாரும் நாலு வார்த்தை பேசுவது அவருக்குப் பிடித்ததே இல்லை. அதனால் பேர் வேண்டாம்.

சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே இதயத்தை ஸ்கேன் செய்யும் பிரிவு எங்களுடையது. எக்கோ என்பார்கள். ஆளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, கருவியின் முனையை விலா இடுக்கில் வைத்தால் உள்ளே இதயம் அடிப்பது திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இதயம் இரத்தத்தால் நிரம்பி நிற்கும் கணத்தில் படத்தை நிறுத்த வேண்டும். இதயச் சுவரின் ஒரு விளிம்பில் ஒரு கூட்டல் குறி, மறு விளிம்பில் இன்னொரு கூட்டல் குறி. நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று கருவி சொல்லிவிடும். விளிம்பு எப்போதும் பளிச்சென்று தெரியாது. கூட்டல் குறியை ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்தால் சுவர் மெலியும், வெளியே தள்ளினால் தடிக்கும். அரை மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அவர் கண்டுகொள்வார்.

எங்கள் பிரிவில் ஒருவர் அளந்ததை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் டாக்டருக்குப் போகும். முறை வைத்து மாறி மாறிப் பார்ப்பதாகத்தான் பேச்சு. ஆனால் என் தலையெழுத்து, என் படங்கள் பெரும்பாலும் அவரிடமே போய் விழும். ஒரு குறி தள்ளியிருந்தாலும் போச்சு. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் என் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். அதில் ஒரே ஒரு வார்த்தை, தமிழில்: மறுபடி.

சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோக்காரர் என்று எல்லாரும் இருந்த பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குத் தமிழ்ப் பற்று அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை மலாய்க்கார அம்மா ஒருநாள் அந்தத் தாளைச் சுட்டிக்காட்டி, அது உங்கள் சாமி பேரா என்று கேட்டார். ஆமாம், தினமும் வருகிற சாமி என்றேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருத்தப்படுவது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவர் தமிழில் எழுதியிருக்கிறார். இது புரிய எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

என்னைவிட அவருக்கு ஒன்றரை வயது கூடுதல். இருந்தாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பதிலுக்கு நான் மேடம் என்பேன், கொஞ்சம் நக்கலாக. அந்த நக்கல் அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்பது கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

அந்த முகம் எங்கள் தொழிலுக்கு வேண்டியது. படுத்திருப்பவர்கள் திரையைப் பார்ப்பதே இல்லை, எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் புருவத்தைத் தூக்கினால் அவர்களுக்கு உயிரே போய்விடும். அளப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, முடிவைச் சொல்வது டாக்டர். தமிழ்ப் பெண்கள் அவரைத்தான் கேட்டு வருவார்கள். பெண்களைப் பெண்கள் ஸ்கேன் செய்வதுதான் எங்களிடம் வழக்கம். தேக்கா சந்தையில் பூ விற்கும் அக்காவிலிருந்து பள்ளி முதல்வர் வரை எல்லாரும் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்குல்லா?" என்று கேட்டுப் பார்ப்பார்கள். "டாக்டர் சொல்வாரு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆனால் ஒரு வழி வைத்திருந்தார். யாராவது மிகவும் பயந்து போயிருந்தால், ஜெல்லைத் துடைத்துவிட்டு, "உங்க ஹார்ட்டைப் பத்தி டாக்டர் சொல்வாரு. நான் பொதுவா ஹார்ட்டைப் பத்திச் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். பொதுவான அந்த இதயம் எப்போதும் கட்டிலில் இருப்பவருடைய இதயத்தைப் போலவே இருக்கும்.

கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் வந்ததைச் சொல்ல வேண்டும். சிவகங்கைப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஏணியில் ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது, இறங்கி உட்கார்ந்தால் போய்விடுகிறது. இதயக் குழாய்களைப் படமெடுத்துப் பார்த்தாகிவிட்டது, எங்கேயும் அடைப்பு இல்லை. பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள், இவனுக்கு ஏணியைக் கண்டால் மட்டும் வலிக்கும் என்று கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஊரிலேயே அவருக்குப் பிரஷர் இருந்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை.

அவரை ஸ்கேன் செய்தது நான். மணி ஒன்றேகால். இன்னும் பத்து நிமிடம் போனால் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் தீர்ந்துவிடும். மங்கலாகத் தெரிந்த விளிம்பில் நின்று தேடாமல், கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் குறியை வைத்தேன். பன்னிரண்டு. திரும்பி வந்தால் மஞ்சள் தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே மேடத்திடம் போனேன்.

"ஒண்ணு ரெண்டு மில்லி கூடக் குறைய இருந்தா என்ன மேடம் வித்தியாசம்? பிரஷர்காரர், சுவரு தடிச்சிருக்கு. அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்."

"லேசா தடிப்புன்னு எழுதியிருக்கீங்க" என்றார். "குழாய் சுத்தம்னு ஏற்கனவே எழுதியாச்சு. நீங்களும் லேசான தடிப்புன்னு எழுதிட்டா, அவரு வலிக்குதுன்னு சொல்றதுக்கு வேற சாட்சியே கிடையாதுண்ணே."

அந்த ஆளை மறுபடி படுக்கவைத்தேன். மேடமும் வந்து பின்னால் நின்றார். விளிம்பைத் தேடிப் பிடித்து அளந்தபோது பதினைந்து வந்தது. அந்த ஆள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அடைப்பே இல்லன்னுட்டாங்கக்கா. அப்புறம் எப்படி வலிக்கும்? நாமதான் நடிக்கிறமோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"உங்க ஹார்ட்டைப் பத்தி டாக்டர் சொல்வாரு தம்பி. நான் பொதுவா சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தார். "பிரஷர் ஜாஸ்தியா இருந்தா ஹார்ட்டு ஒவ்வொரு தடவையும் முக்கித் தள்ளணும். வருஷக்கணக்கா அப்படியே தள்ளுனா சதை தடிச்சுப்போயிடும். பெருசா இருக்கேன்னு பலம்னு நினைச்சுடக்கூடாது. சதை வளர்ந்த அளவுக்கு, அதுக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாயெல்லாம் வளராது. நீங்க தங்குற டார்மிட்டரியில ஒரு ரூமுக்கு எத்தனை பேரு?"

"பன்னெண்டு பேருக்கா."

"ஆறு பேருக்குப் போட்ட தண்ணிக் குழாயில பன்னெண்டு பேரு குளிக்கணும். மத்தியானத்துல ஒருத்தர் ரெண்டு பேரு போனா தண்ணி நல்லாவே வரும். காலையில அஞ்சரைக்கு எல்லாரும் ஒண்ணாப் போனா?"

"கடைசிக் குழாயில வராது."

"ஹார்ட்டுலயும் ஒரு கடைசிக் குழாய் இருக்கு. ரத்தம் வெளிப்பக்கமா வந்து சதைக்குள்ள இறங்குது. உள்சுவருக்குத்தான் கடைசியாப் போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதுக்கும் கிடைச்சிடும். ஏணி ஏறுனா எல்லாச் சதையும் ஒண்ணாக் கேக்கும், உள்சுவரு காஞ்சு போகும். அதான் வலி. பெரிய குழாயைப் படம் எடுத்தா அது தெரியாது."

அந்த ஆள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நானும்தான். பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான்.

"இன்னொண்ணும் இருக்கு. ஹார்ட்டு பிழியும்போது சதைக்குள்ள இருக்குற சின்னக் குழாயெல்லாம் நசுங்கிடும். தளர்ந்து விடும்போதுதான் அது தனக்குன்னு ரத்தம் வாங்கிக்கும். வேகமா அடிச்சா தளர்ற நேரம் குறைஞ்சிடும். எல்லாருக்கும் அனுப்பிக்கிட்டே இருந்தா தனக்கு எப்ப வாங்கிக்கிறது?"

அந்த ஆள் கையிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு, "நான் நடிக்கலன்னு எழுதித் தருவீங்களாக்கா?" என்று கேட்டார்.

"நான் நம்பர்தான் தம்பி எழுதுவேன். அது சொல்லும்."

சொல்லியது. டாக்டர் மாத்திரை கொடுத்து, மேலே ஏறாத வேலையாகப் போடச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார். மறு வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த ஆள் ஒரு டப்பா முறுக்கோடு வந்து நின்றார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். எனக்கு அதைத் தின்ன என்ன தகுதி என்று நினைத்தேன், இருந்தும் தின்றேன். முறுக்கு நன்றாக இருந்தது.

மேடம் எடுக்கும் படங்களையும் முறை வரும்போது நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் அல்லவா. பதினெட்டு வருடத்தில் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்ப முடிந்ததில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. பூதக்கண்ணாடி வைக்காத குறையாகத் தேடியிருக்கிறேன். மூன்று துடிப்பில் மூன்று முறை அளப்பார். மற்றவர்கள் எல்லாரும் குறியை மேலிருந்து கீழே இழுத்தால் அவர் மட்டும் கீழிருந்து மேலே இழுப்பார், அது சேமித்த படத்திலும் தெரியும். ஏன் என்று கேட்டதற்கு, கை பழகிவிட்டது என்றார். ஒரே ஒரு தடவையாவது அந்த மஞ்சள் தாளை அவர் திரையில் ஒட்டிவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசையாக இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமான விஷயம்.

பேருந்து நிறுத்தம் மருத்துவமனைக்கு எதிர்ப்புறம். சாலையைக் கடக்கப் படியேறிப் போகும் நடைபாலம் ஒன்று உண்டு. அவர் குவீன்ஸ்டவுனிலிருந்து முதல் பேருந்து பிடித்து ஆறே முக்காலுக்கெல்லாம் வந்துவிடுவார். பல வருடம் அந்தப் பாலத்தில்தான் ஏறி வந்தார். பிறகு ஒரு சமயம், பாலத்தை விட்டுவிட்டு, தூரத்தில் இருக்கும் சமிக்ஞை விளக்கு வரை நடந்து போய்ச் சாலையைக் கடந்து வர ஆரம்பித்தார். "என்ன மேடம், பாலம் இடிஞ்சிடுச்சா?" என்று நான் கேட்டேன். "நடந்தா உடம்புக்கு நல்லதுண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கத் தேக்காவுக்கு வருவார். நான் ஜாலான் புசாரில் குடியிருந்ததால் அடிக்கடி எதிர்ப்படுவோம். சிராங்கூன் சாலையில் சேர்ந்து நடக்கும்போது புடவைக் கடைக் கண்ணாடி முன்னால் நின்றுவிடுவார். பொம்மைக்குக் கட்டியிருக்கும் புடவையை ஒரு நிமிடம் பார்ப்பார். நடப்பார். அடுத்த கடையில் மறுபடி நிற்பார். வேலைக்குச் சீருடை, வீட்டுக்குச் சுடிதார், கோவிலுக்கு அதே இரண்டு பட்டு என்று இருந்தவர். மகன் ராணுவச் சேவை முடித்துவிட்டான், அவனுக்குப் பெண் பார்க்கிறார் போலிருக்கிறது, அதுதான் புடவை மேல் கண் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

ஊழியர்களுக்கு வருடா வருடம் உடம்பு பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அவருக்குப் பிரஷர் கூடுதலாகக் காட்டியது. கொஞ்சம் உட்கார்ந்திருந்து மறுபடி பாருங்கள் என்று தாதி சொன்னார். "வேகமா நடந்து வந்தேன், அதான். வெளிய பேஷண்ட் நிக்கிறாங்க, அப்புறம் வரேன்" என்று எழுந்து போனார். போனவர் திரும்பி வரவில்லை. மூன்று வருடம் இதே கதை. எல்லாருக்கும் மறுபடி மறுபடி என்று எழுதி ஒட்டியவர், தனக்கு மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ளவில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதயத்தைப் பார்ப்பதே தொழில், பக்கத்தில் நடந்து வருகிறவரின் இதயத்தைப் பற்றி ஒரு யோசனையும் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் புதுக் கருவி ஒன்று வந்து இறங்கியது. புதுக் கருவி வந்தால் நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் முன் ஒரு வாரம் நாங்கள் ஒருவரை ஒருவர் ஸ்கேன் செய்து பழகுவோம். படங்களுக்குப் பெயர் போட மாட்டோம். டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்றுதான் இருக்கும். வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அழிக்கும் வேலை எனக்கு வந்தது.

சும்மா அழிக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், வேடிக்கைக்குத்தான். டெஸ்ட் ஒன்பதில் கை நின்றது. சுவரின் அளவு பத்தரை என்று இருந்தது, பெரிதாகக் கவலைப்பட வேண்டாத அளவு. குறியோ விளிம்பில் இல்லை. இரண்டு பக்கமும் நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. மூன்று துடிப்பு, மூன்று அளவு, மூன்றும் பத்தரை, மூன்றும் கீழிருந்து மேலே இழுத்தவை.

மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி. பதினெட்டு வருடக் காத்திருப்பு. மேசை இழுப்பறையைத் திறந்து மஞ்சள் தாளைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் படத்தின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். காலை ஆறு ஐம்பது. அந்த நேரத்தில் பிரிவில் அவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். படம் லேசாக ஆடியது, கோணமும் வழக்கமான கோணம் இல்லை. படுத்திருப்பவரே தன் கையால் கருவியின் முனையைப் பிடித்தால்தான் அப்படி வரும். அவர் தனியாக வந்து, தன் நெஞ்சில் தானே ஜெல் தடவி, தன் இதயத்தைத் தானே அளந்திருக்கிறார்.

மூன்று முறையும் ஒரே அளவு தப்பு. அவர் அப்படித் தப்பு செய்கிறவர் அல்ல. நானே குறியை வைத்து அளந்து பார்த்தேன். பதிமூன்றுக்கு மேலே போனது. படியேற முடியாமல் விட்ட நடைபாலமும், புடவை பார்க்கிற சாக்கில் நின்று இளைப்பாறிய கடைகளும் அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தன. கையிலிருந்த மஞ்சள் தாளை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அழித்துவிடு என்பதுதான் எனக்கு இட்ட வேலை. அழித்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அவரும் தனக்குப் பத்தரைதான் என்று நம்பிக்கொண்டு மாத்திரை இல்லாமல் நடந்துகொண்டிருப்பார், சுவர் இன்னும் தடிக்கும், ஒருநாள் ஏதோ ஒரு படிக்கட்டில் உள்சுவருக்கு இரத்தம் போதாமல் போகும். மேலதிகாரியிடம் சொல்லலாம். சொன்னால், பிரிவிலேயே கெட்டியான கை வேண்டுமென்றே தப்பாக அளந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த அவமானத்தில் அவர் வேலையையே விட்டுவிடுவார், ஆனால் டாக்டரிடம் போக மாட்டார். அவரை எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அவரை இழந்துவிடுவேனோ என்ற பயம். அப்படி ஒரு பயம் எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் ஆறரைக்கே போய்விட்டேன். புதுக் கருவியில் டெஸ்ட் ஒன்பதைத் திறந்துவைத்தேன். மஞ்சள் தாளில் மறுபடி என்று எழுதி அவர் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, கோப்பி வாங்கும் சாக்கில் கீழே போய் அரை மணி நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது படம் மூடப்பட்டிருந்தது. தாள் அங்கேயே இருந்தது. அதை எடுக்காமலேயே அவர் இரண்டு நோயாளிகளை ஸ்கேன் செய்தார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"எத்தனை பேருண்ணே பார்த்தாங்க?"

"நான் மட்டும்தான் மேடம்."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "மத்தவங்களோடதா இருந்தா சரியா வச்சிருப்பேன். என்னோடதுன்னதும் கை உள்ள போயிடுச்சு. தெரிஞ்சு பண்ணலண்ணே. தெரியாம பண்ணேன்னும் சொல்ல முடியல."

"படி ஏறுனா வலிக்குதா?"

"ஒரு வருஷமா."

அவ்வளவுதான் பேச்சு. போய்விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு, டாக்டர் கையெழுத்துப் போட்ட ஸ்கேன் படிவத்தை என் மேசையில் வைத்தார். "டெஸ்ட் ஒன்பது இல்ல. இந்தத் தடவை என் பேருலயே போடுங்க. நீங்களே பண்ணுங்க."

படிவத்தை அவர் பக்கமே தள்ளினேன். "நான் எப்படி மேடம்? அவங்களைப் பண்ணச் சொல்லலாமே" என்று மலாய்க்கார அம்மாவைக் காட்டினேன்.

"அவங்க என்மேல பாசமா அளப்பாங்க. உங்களுக்கு என்மேல பதினெட்டு வருஷக் கோவம் இருக்கு. அதான் சரியா வரும்."

ஆண் ஒருவன் பெண்ணை ஸ்கேன் செய்தால் இன்னொரு பெண் அறையில் இருக்க வேண்டும். மலாய்க்கார அம்மாவே வந்து சுவரோரம் நின்றார். வரும் வழியில் மேடத்தின் திரையிலிருந்த மஞ்சள் தாளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உங்கள் சாமி இந்தப் பக்கம் வந்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மேடம் கட்டிலில் இடப்பக்கமாகப் படுத்து, போர்வையைச் சரிசெய்துகொண்டார். நான் முனையை வைத்ததும், "ஜெல்லைச் சூடு பண்ணலயா?" என்றார். மறந்துவிட்டிருந்தேன். அவர் ஒருநாளும் மறந்ததில்லை, குப்பியைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் தடவுவார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். இதயம் அடித்துக்கொண்டிருந்தது. தடித்த சுவர். ஒவ்வொரு துடிப்பிலும் அது பிழிந்து, தளர்ந்து, மறுபடி பிழிந்தது. இத்தனை வருடம் எனக்கு மறுபடி எழுதிக்கொண்டிருந்த மனுஷி, உள்ளே இப்படி முக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பினால், அவர் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரையும் போல என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குல்லா?" என்றார்.

"டாக்டர் சொல்வாரு."

அவர் சிரித்துவிட்டார். படம் குலுங்கியது. அது அடங்கும் வரை காத்திருந்து, நிறுத்தி, மூன்று துடிப்பில் மூன்று முறை அளந்தேன். பதிமூன்றரை. மூன்றும் பதிமூன்றரை. முடிந்தது என்று துண்டை நீட்டினேன்.

அவர் துண்டை வாங்கவில்லை. போர்வையைப் பிடித்துக்கொண்டு முழங்கையை ஊன்றி எழுந்து, திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கருவியின் உருட்டுப் பந்தில் விரலை வைத்து, மேலே இருந்த குறியை ஒரு மயிரிழை வெளியே நகர்த்தினார். பதினான்கு.

"அரை மில்லி விட்டுட்டீங்க" என்றார். "உங்களுக்கும் கை உள்ள போயிடுச்சு."

நான் பார்த்தேன். விளிம்பு அவர் வைத்த இடத்தில்தான் இருந்தது. மூன்று முறையும் நான் தவறவிட்டிருந்தேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை.

"அழுதா டாக்டர்கிட்ட நம்பர் போகாதுண்ணே" என்றார் அவர். "மத்த ரெண்டையும் மாத்துங்க. மாத்திட்டு அனுப்புங்க."

மாற்றினேன். பதினான்கு, பதினான்கு, பதினான்கு. அனுப்பினேன்.

அதன் பிறகு காலையும் இரவும் மாத்திரை. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார், ஊறுகாய் டப்பாவை எனக்குக் கொடுத்துவிட்டார். பத்து மணிக்குத் தேநீர் நேரம் என்றால் வெளியே யார் நின்றாலும் பத்து நிமிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். மறு வருடம் நான்தான் அளந்தேன், பன்னிரண்டரை. நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தேன். பன்னிரண்டரைதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் சேர்ந்து நடந்தோம். அவருக்கு ஒரு கையில் மீன் பை, இன்னொரு கையில் கீரைக்கட்டு. முதல் புடவைக் கடையைத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார். மூன்றாவது கடை வந்தபோது அவர் எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் பொம்மைக்குப் பச்சைப் புடவை ஒன்று கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபடி நான் நின்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். திரும்பி நடந்து வந்தார். என் பக்கத்தில் நின்று, புடவையை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார்.

"நீங்க எப்பலேருந்துண்ணே புடவை பார்க்க ஆரம்பிச்சீங்க?"

நான் கடைக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டேன். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.